கல்லீரல் புற்று அறுவையில் அல்ட்ராசவுண்ட்: எம்ஆர்ஐ, கான்ட்ராஸ்ட், ஐசிஜி ஆகியவற்றில் எதை எதற்கு நம்புவது?

கல்லீரல் புற்று அறுவையைத் தொடங்கும் எந்தப் பிரிவிலும் ஒரு கேள்வி எழும். நல்ல எம்ஆர்ஐ கையில் இருக்கும்போது தியேட்டருக்குள் மறுபடி ஸ்கேன் எதற்கு? அதை விடுவதில்லை என்று முடிவான பிறகு அடுத்த கேள்விகள் வரும்: எந்தப் புரோப் (ஒலியை அனுப்பிப் படம் பிடிக்கும் கைக்கருவி) வாங்குவது, அல்ட்ராசவுண்டுக்கான நுண்குமிழிக் கான்ட்ராஸ்ட் மருந்து தேவையா, இப்போது எல்லோரும் பேசும் ஐசிஜி கேமரா (ஒளிரும் பச்சைச் சாயத்தைக் காட்டுவது) இருந்தால் அல்ட்ராசவுண்டை விட்டுவிடலாமா?

இந்த நான்கையும் ஒரே வேலைக்கான நான்கு கருவிகளாகப் பார்ப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. எத்தனை கட்டிகள் என்று சொல்வதில் எம்ஆர்ஐ கெட்டி. கட்டி எந்த ரத்தக்குழாயின் பக்கத்தில் இருக்கிறது, எந்த வழியாக வெட்டினால் எவ்வளவு கல்லீரல் மிஞ்சும் என்று அந்த நிமிடத்தில் காட்டுவது தியேட்டர் அல்ட்ராசவுண்ட். கான்ட்ராஸ்ட், சந்தேகமான ஒரு புள்ளிக்குப் பதில் தேட உதவும். மேற்பரப்பும் செக்மென்ட் (கல்லீரலை எட்டாகப் பிரித்து எண்ணிடும் பகுதி) எல்லையும் ஐசிஜியின் களம்.

எம்ஆர்ஐ மட்டும் போதுமா?

கல்லீரல் செல்கள் உறிஞ்சும் கேடாக்ஸெட்டேட் என்ற எம்ஆர்ஐ கான்ட்ராஸ்ட் கொடுத்து, 20 நிமிடம் கழித்து எடுக்கும் கல்லீரல் செல் கட்டப் படமும் டிஃபியூஷன் படமும் (திசுவில் நீரின் அசைவைக் காட்டுவது) சேர்ந்தால் 1 செ.மீ.க்குக் குறைவான பரவல் கட்டிகளும் (வேறு உறுப்பிலிருந்து பரவிய புற்று) பெரும்பாலும் பிடிபடும். வயிறு திறந்தபின் புதிய கட்டிகளைக் கண்டு அறுவைத் திட்டமே மாறுவது 1980களிலும் 90களிலும் அடிக்கடி நடந்தது. இன்று அது வெகுவாகக் குறைந்திருக்கிறது. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் எம்ஆர்ஐ பக்கம் வாதம் வலுவானதே.

ஆனால் எம்ஆர்ஐ படுத்த நிலையில், மூச்சை அடக்கிய நோயாளியிடம் எடுத்த படம். வலது கல்லீரலை உதரவிதானத்திலிருந்து பிரித்து இடப்பக்கம் புரட்டியதும் அந்தப் படத்தின் திசைகள் எதுவும் பொருந்தாது. ரத்தக்கசிவைக் குறைக்க மயக்க மருத்துவர் மத்திய சிரை அழுத்தத்தை 5 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே வைத்திருப்பார். படத்தில் தடியாகத் தெரிந்த கல்லீரல் சிரைகள் அப்போது ஒடுங்கியிருக்கும். படத்தின் வயதும் முக்கியம்: எடுத்து 4 வாரம் தாண்டியிருந்தால், அதிலும் இடையில் கீமோ கொடுத்திருந்தால், அது வேறொரு கல்லீரலின் படம் என்றே கொள்ள வேண்டும். மஞ்சள் காமாலை உள்ளவரிடம் கேடாக்ஸெட்டேட்டைக் கல்லீரல் செல்கள் சரியாக உறிஞ்சாது. படம் மங்கி, சின்னக் கட்டிகள் நழுவிவிடும்.

ஆகவே எம்ஆர்ஐயா தியேட்டர் ஸ்கேனா என்ற கேள்வியே பொருந்தாது. எம்ஆர்ஐ இல்லாமல் தியேட்டர் ஸ்கேன் பாதி குருடு. தியேட்டர் ஸ்கேன் இல்லாமல் வெட்டும் கத்தியும் அப்படியே.

திறந்த அறுவையில்: எந்தப் புரோப்?

வயிற்றின் மேல் வைக்கும் சாதாரணப் புரோப்பை உறையிட்டு உள்ளே விட முயல்பவர்கள் உண்டு. விலா எலும்புக்குக் கீழே, உதரவிதானத்துக்கும் கல்லீரலுக்கும் இடையே அது நுழையாது. இந்த வேலைக்கென்று வரும் புரோப்கள் இரண்டு வடிவத்தில் கிடைக்கின்றன. டி வடிவம் விரல்களுக்கிடையே அடங்கும்; உள்ளங்கையைக் கல்லீரலின் மேல் சறுக்கியபடியே பார்க்கலாம். ஐ வடிவம் பென்சில் போக்கில் இருப்பதால் குறுகிய இடத்துக்கும் கணையத்துக்கும் ஏற்றது. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் டி வடிவமே. கல்லீரலின் குவிமாடப் பகுதியான 7, 8ஆம் செக்மென்ட்களில் கையோடு சேர்ந்து போவது அதுதான்.

அலைவரிசை 5 முதல் 10 மெகாஹெர்ட்ஸ் வரை மாற்றத்தக்கதாக இருக்கட்டும். ஆழத்துக்கு 5, மேற்பரப்புக்கு 7.5க்கு மேல். கீமோவால் கொழுப்பேறிய கல்லீரலில் ஒலி சீக்கிரமே தேய்ந்துபோகும். 10ல் தெளிவாகத் தெரிந்த முதல் 3 செ.மீ.க்குக் கீழே எல்லாம் சாம்பலாகிவிடும்; அங்கே அலைவரிசையைக் குறைப்பதைத் தவிர வழியில்லை.

பார்க்கும் வரிசை எல்லா இடத்திலும் ஏறத்தாழ ஒன்றுதான். கல்லீரலை வயிற்றுச் சுவரோடு பிணைக்கும் வட்டத் தசைநாரையும் ஃபால்சிஃபார்ம் தசைநாரையும் வெட்டியதும், வலது கல்லீரலைப் பிரிக்கும் முன்பே முதல் சுற்று. பிரித்தபின் காற்று புகுந்து நிழல் விழும் என்பதால் இந்த அவசரம். 4, 8ஆம் செக்மென்ட்களின் மேல் புரோப்பை வைத்து மூன்று கல்லீரல் சிரைகளும் பெருஞ்சிரையில் சேரும் இடத்தைப் பிடிக்க வேண்டும். அங்கிருந்து ஒவ்வொன்றையும் வெளிநோக்கிப் பின்தொடர்வது. பிறகு 4ஆம் செக்மென்ட் வழியே போர்ட்டல் சிரை (குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவருவது) பிரியும் இடத்துக்கு வந்து, வலது முன், வலது பின், இடது கிளைகள். போர்ட்டல் கிளைகளைச் சுற்றி வெண்மையான தடித்த உறை தெரியும், கல்லீரல் சிரைகளுக்கு அது இராது. இரண்டையும் பிரித்தறிய இதுவே எளிய அடையாளம். குழாய்களின் வரைபடம் மனதில் பதிந்த பிறகுதான் கட்டி தேடும் சுற்று: உழவுச் சால் போல ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறியபடி, ஒரு விளிம்பு விடாமல். பின்பக்கம் ஒளிந்திருக்கும் வால்மடலை (1ஆம் செக்மென்ட்) மறக்கக் கூடாது. 4ஆம் செக்மென்ட் வழியாகவோ சிறிய வபை வழியாகவோ அதைப் பார்க்கலாம். வலது கல்லீரலைப் பிரித்தபின் 7ஆம் செக்மென்ட்டுக்கு இரண்டாம் சுற்று. அவசரமில்லாமல் செய்தால் மொத்தம் 10 முதல் 15 நிமிடம்.

தவறுகள் நடக்கும் இடங்களும் தெரிந்தவையே. புரோப்பை அழுத்தினால் சிரை மறைந்துபோகும். அங்கே சிரை இல்லை என்று எண்ணிக் கீறினால் ரத்தம் பீறிடும். மேற்பரப்பு காய்ந்தால் படம் உடையும், சலைன் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். புரோப்புக்கு நேர் கீழே உள்ள முதல் 5 முதல் 10 மி.மீ. சரியாகத் தெரியாது. அந்த இடத்திலுள்ள கட்டியை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்கலாம், அல்லது சலைன் நிரப்பிய கையுறையை இடையில் வைக்கலாம். கொழுப்பேறிய கல்லீரலில் பித்தப்பைக்கு அருகே கொழுப்பு சேராத திட்டு ஒன்று கறுப்பாகத் தெரியும். புதிய பரவல் என்று அதை வெட்டியெடுத்தவர்கள் உண்டு. அதன் வழியே குழாய்கள் வளையாமல், நசுங்காமல் செல்கின்றனவா என்று பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

கட்டியைக் கண்டுபிடிப்பதோடு வேலை முடிவதில்லை. உண்மையில் அல்ட்ராசவுண்டின் பாதி மதிப்பு அதற்குப் பிறகுதான் தெரியவரும். வெட்டும் கோட்டைக் காட்டரியால் (மின்சூட்டுக் கருவி) மேற்பரப்பில் குறித்துவிட்டுப் புரோப்பை வைத்தால் அந்தக் கோடு நிழலாக விழும். கட்டியிலிருந்து எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறோம் என்று அளக்கலாம். வெட்டிக்கொண்டு போகும்போது பிளவில் காற்றும் ரத்தமும் சேர்ந்து ஒரு வெள்ளைக் கோடு தெரியும். அது கட்டியை நோக்கி வளைகிறதா என்று சில நிமிடங்களுக்கு ஒருமுறை பார்ப்பவர்களின் மாதிரியில் விளிம்பு சுத்தமாக வருகிறது. கல்லீரல் சிரையைக் கட்ட நேர்ந்தால், முதலில் விரலாலோ நாடாவாலோ தற்காலிகமாக அடைத்துவிட்டு, அந்தப் பகுதியின் போர்ட்டல் கிளையில் டாப்ளர் (ரத்த ஓட்டத்தின் திசையைக் காட்டும் ஸ்கேன் முறை) வைக்க வேண்டும். ஓட்டம் இன்னும் கல்லீரலை நோக்கியே இருந்தால் பக்கத்துச் சிரைகளோடு இணைப்பு இருக்கிறது. அந்தப் பகுதியைக் காப்பாற்றலாம். ஓட்டம் திரும்பினால் பகுதியையும் எடுக்க வேண்டும், அல்லது சிரையை மறுபடி கட்டமைக்க வேண்டும். இதை எம்ஆர்ஐயால் சொல்ல முடியாது, ஐசிஜியாலும் நேரடியாகச் சொல்ல முடியாது.

லேப்ராஸ்கோபியில் கதை வேறு

திறந்த அறுவையில் கை இருக்கிறது. ஸ்கேனில் தவறிய கடினமான முடிச்சு விரலில் சிக்கும். சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோபியில் அந்தத் துணை கிடையாது. ஆகவே திறந்த அறுவையில் மிக நல்லது என்ற நிலையில் இருக்கும் அல்ட்ராசவுண்ட், லேப்ராஸ்கோபியில் கட்டாயம் ஆகிறது. புரோப் இல்லாமல் லேப்ராஸ்கோபிக் கல்லீரல் அறுவை தொடங்கவே கூடாது என்பதே எங்கள் நிலை.

நுனி நாலு திசையும் வளையும் புரோப், 12 மி.மீ. போர்ட் (வயிற்றுத் துளையில் பொருத்தும் குழல்) வழியாக நுழையும். வளையாத மலிவான வகையும் உண்டு. 2, 3ஆம் செக்மென்ட் வேலைக்கு அது தாங்கும், குவிமாடத்துக்குப் போனால் தொடர்பு அறுந்துகொண்டே இருக்கும். போர்ட் வைக்கும் இடத்தை முடிவு செய்யும்போதே புரோப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும். தொப்புள் வழியாக ஒன்று, வலது மேல் வயிற்றில் ஒன்று என இரண்டு கோணம் கிடைக்காவிட்டால் 7, 8ஆம் செக்மென்ட் இருட்டுதான். குவிமாடத்தின் மேல் சலைன் தேக்கி நோயாளியின் தலைப்பக்கத்தைத் தாழ்த்தினால் ஓரளவு உதவும்.

பெரிய தொல்லை திசைக் குழப்பம். கேமரா ஒரு திசையில் பார்க்கிறது, புரோப்பின் படம் இன்னொரு திசையில் விரிகிறது. புரோப் நுழைந்ததும் ஒரு கருவியால் அதன் நுனிப்பக்கம் கல்லீரலைத் தட்டி, திரையில் எந்த ஓரம் அசைகிறது என்று உறுதிசெய்துகொள்வது சில நொடி வேலை. இரண்டு படமும் ஒரே திரையில் பக்கம் பக்கமாக வருவதும் அவசியம். தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் கை வழி தவறும். ரோபோ அறுவைக்கு, கேபிளோடு உள்ளே இறக்கி ரோபோவின் கிடுக்கியே பிடிக்கும் சிறிய புரோப்கள் வந்திருக்கின்றன. கோணப் பிரச்சினையை அவை நன்றாகவே தீர்க்கின்றன.

கான்ட்ராஸ்ட்: எது, எப்போது?

நுண்குமிழி மருந்துகளில் இரண்டை ஒப்பிட்டால் போதும். சோனோவியூவில் சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளூரைடு வாயு. குமிழிகள் ரத்தத்திலேயே சுற்றி 4 முதல் 6 நிமிடத்தில் தீர்ந்துவிடும். வழக்கமாக ஒரு முறைக்கு 2.4 மி.லி., தேவைப்பட்டால் 4.8 மி.லி. சோனசாய்டில் பெர்ஃப்ளூபியூட்டேன், குமிழிகளைக் கல்லீரலின் குப்ஃபர் செல்கள் (அந்நியத் துகள்களை விழுங்கும் செல்கள்) விழுங்கிவிடுவதால், 10 நிமிடம் கழித்துத் தொடங்கும் ஒரு கட்டம் ஒரு மணி நேரம் வரைகூட நீடிக்கும். குப்ஃபர் செல்கள் இல்லாத புற்றுக்கட்டி அதில் கறுப்பு ஓட்டையாகத் தெரியும். அளவு கிலோவுக்கு 0.015 மி.லி. முட்டை ஒவ்வாமை உள்ளவருக்குத் தரக் கூடாது.

தியேட்டருக்கு எது மேல் என்றால் தயக்கமில்லாமல் சோனசாய்டுதான். முழுக் கல்லீரலையும் நிதானமாகப் பார்க்க அதில்தான் நேரம் கிடைக்கிறது. ஆனால் கையில் கிடைப்பது எது என்பதே பல இடங்களில் முடிவைத் தீர்மானிக்கும். சோனோவியூதான் உண்டு என்றால் முழுக் கல்லீரலையும் ஒரே ஊசியில் பார்க்க ஆசைப்படக் கூடாது. சாதாரண ஸ்கேனில் ஏற்கெனவே குறித்துவைத்த சந்தேகப் புள்ளிக்கு நேராகப் போக வேண்டும். முதல் அரை நிமிடம் தமனிக் கட்டம், 2 நிமிடத்துக்குப் பிறகு பிந்தைய கட்டம். முதலில் மினுங்கிப் பின் மெல்ல மங்கினால் கல்லீரல் செல் புற்று என்று சந்தேகம் வலுக்கும். பரவல் கட்டி சீக்கிரமே கறுத்துவிடும். ஓரத்திலிருந்து மெல்ல நிரம்பிக்கொண்டு வந்தால் ரத்தக்குழாய்க் கட்டி, விட்டுவிடலாம்.

எல்லா நோயாளிக்கும் இது வேண்டியதில்லை. மூன்று நிலைமைகளில் பயன் தெளிவு: சிரோசிஸ் (தழும்பேறிக் கெட்டியான) கல்லீரலில் புதிதாகத் தென்பட்ட முடிச்சு, கீமோவுக்குப் பின் மங்கிப்போன பரவல், கொழுப்பேறிய கல்லீரலில் சாதாரண ஸ்கேன் நம்பிக்கை தராத நிலை. சிரோசிஸ் கல்லீரலில் தியேட்டரில் புதிதாகக் காணும் முடிச்சுகளில் பெரும்பாலானவை புற்று அல்ல. அவற்றையெல்லாம் வெட்டினால் மிஞ்சும் கல்லீரல் நோயாளியைத் தாங்காது.

கான்ட்ராஸ்ட் ஏமாற்றும் விதங்களும் உண்டு. ஒரே இடத்தில் புரோப்பை வைத்துக்கொண்டே இருந்தால் ஒலியழுத்தத்தில் குமிழிகள் உடைந்து, மேற்பரப்புக்கு அருகே பொய்க் கறுப்பு விழும். ஒலியழுத்தத்தின் வலுவைச் சொல்லும் இயந்திரக் குறியீட்டெண்ணை (மெக்கானிக்கல் இண்டெக்ஸ்) சோனோவியூவுக்கு 0.1 அளவிலும் சோனசாய்டுக்கு 0.2 முதல் 0.3 அளவிலும் வைக்க வேண்டும். ரத்தம் நுழையும் கல்லீரல் வாயிலில் கிளாம்ப் போட்டிருக்கும்போது ஊசி போட்டால் எதுவும் வராது. பரபரப்பான தியேட்டரில் இது நடக்கத்தான் செய்கிறது. 20 கேஜ் அல்லது அதைவிடப் பெரிய ஊசிக்குழல் வழியாக மெல்லச் செலுத்தி 10 மி.லி. சலைன் தள்ள வேண்டும்; மெல்லிய ஊசியில் அழுத்தித் தள்ளினால் குமிழிகள் அங்கேயே உடையும். வாங்கும் நேரத்து எச்சரிக்கை ஒன்று: கான்ட்ராஸ்ட் மென்பொருள் மெஷினில் இருந்தால் போதாது, தியேட்டர் புரோப்புக்கும் அது இயங்க வேண்டும். பல மெஷின்களில் வயிற்றுப் புரோப்புக்கு மட்டுமே அது திறக்கும்.

ஐசிஜி கேமரா

ஐசிஜி பச்சைச் சாயம் அகச்சிவப்பு ஒளியில் மினுங்கும். அறுவைக்குச் சில நாட்கள் முதல் இரண்டு வாரம் முன்பு, கல்லீரல் திறன் சோதனைக்காகக் கிலோவுக்கு 0.5 மி.கி. கொடுத்திருந்தால் அதே டோஸ் போதும். நன்கு முதிர்ந்த கல்லீரல் செல் புற்று முழுதாக ஒளிரும். பரவல் கட்டியைச் சுற்றி வளையம் போல ஒளிரும். அறுவைக்கு முந்தைய நாள் கொடுத்தால், சிரோசிஸ் கல்லீரல் முழுவதுமே பளபளத்து எதுவும் தெரியாது.

அதன் எல்லை 5 முதல் 10 மி.மீ. ஆழம். அதற்குக் கீழே எவ்வளவு பெரிய கட்டி இருந்தாலும் கேமராவுக்கு அது இல்லை. அல்ட்ராசவுண்ட் தடுமாறுவதோ சரியாக அந்த மேல் அடுக்கில்தான். ஆகவே இரண்டும் போட்டியல்ல, ஒன்றின் குறையை மற்றது நிரப்புகிறது. ஆனால் ஐசிஜியில் ஒளிர்ந்ததையெல்லாம் வெட்டத் தொடங்கினால் சிரோசிஸ் முடிச்சுகள் பலவும் போய்விடும். பொய் அறிகுறி அதில் அதிகம்.

செக்மென்ட் எல்லை வரைவதில்தான் ஐசிஜி உண்மையிலேயே மேலானது. தோக்கியோவில் மசாதோஷி மகுச்சி 1980களில் காட்டிய வழி, அல்ட்ராசவுண்டைப் பார்த்தபடி அந்தச் செக்மென்ட்டின் போர்ட்டல் கிளையில் ஊசி குத்திச் சாயம் ஏற்றுவது. நீலச் சாயம் சில நிமிடத்தில் கழுவிப்போகும், ஐசிஜி வெட்டி முடிக்கும்வரை நிற்கும். லேப்ராஸ்கோபியில் கிளையைக் குத்துவது கடினம் என்பதால், கிளையை முதலில் கட்டிவிட்டு சிரை ஊசியாக 2.5 மி.கி. கொடுத்து மற்ற பகுதியை ஒளிரவிடும் எதிர்வழியே எளிது. கேமரா இல்லாத இடத்தில், புரோப்பாலும் மறுபக்க விரலாலும் அந்தக் கிளையை நசுக்கினால் கல்லீரல் நிறம் மாறி எல்லை தெரியும். செலவு எதுவும் இல்லாத வழி. ஆனால் சிரோசிஸில் நிறமாற்றம் மங்கலாகவே வரும். அயோடின் ஒவ்வாமை இருக்கிறதா என்று ஐசிஜிக்கு முன் கேட்பது கட்டாயம்.

கீமோவுக்குப் பின் மறைந்த கட்டிகள்

பெருங்குடல் புற்றின் கல்லீரல் பரவல்கள் கீமோவுக்குப் பின் ஸ்கேனில் காணாமல் போகும்போது முடிவெடுப்பது கடினம். சிடியில் முழுதாக மறைந்த 66 இடங்களைத் தொடர்ந்து பார்த்த பிரெஞ்சு ஆய்வு 2006ல் வந்தது. 83 சதவீத இடங்களில் புற்று எஞ்சியிருந்தது, அல்லது அதே இடத்தில் சீக்கிரமே திரும்பியது. அது சிடி காலத்துக் கணக்கு. எம்ஆர்ஐயிலும் மறைந்து, தியேட்டரில் கான்ட்ராஸ்டோடும் தெரியாத இடத்தில் அபாயம் குறைவு, ஆனால் இல்லாமல் போவதில்லை.

எனவே வரிசை இப்படி இருக்கலாம். கீமோவுக்கு முன்பே, 2 செ.மீ.க்குக் குறைந்து ஆழத்தில் இருக்கும் கட்டிக்குப் பக்கத்தில் ஒரு உலோகக் குறியைப் பதித்துவிடுவது; பின்னால் அல்ட்ராசவுண்டில் அது வெள்ளையாகத் தெரியும். தியேட்டரில் சாதாரண ஸ்கேன், தெரியாவிட்டால் கான்ட்ராஸ்ட். அப்போதும் தெரியாத இடம், ஏற்கெனவே வெட்டப்போகும் பகுதிக்குள் இருந்தால் சேர்த்து எடுத்துவிடலாம். வெளியே, ஆழத்தில் இருந்தால் கல்லீரலைக் குருட்டாம்போக்கில் குடைவதைவிட விட்டுவிட்டு 3 மாதத்துக்கு ஒருமுறை எம்ஆர்ஐ பார்ப்பதே எங்கள் பரிந்துரை. கீமோ மருந்துகளில் ஆக்ஸாலிபிளாட்டின் கல்லீரலின் நுண் ரத்தக்குழாய்களைச் சேதப்படுத்தியிருக்கும், இரினோடெக்கான் கொழுப்பழற்சியைத் தந்திருக்கும். அப்படிப்பட்ட கல்லீரலில் வீணாகப் போகும் ஒவ்வொரு கிராமும் பின்னால் உறுத்தும்.

வெட்ட முடியாத இடத்தைச் சுட்டெரிக்கும்போது ஒரே ஒரு விதி: ஆழத்தில் உள்ள கட்டியை முதலில். சுட்டதும் எழும் வாயுக்குமிழிகள் சில நிமிடங்களுக்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

கணையம், இரைப்பை, குடல்

கணையத்தில் இன்சுலினோமா (இன்சுலின் சுரக்கும் கட்டி) போன்ற சிறு கட்டிகளுக்கு ஐ வடிவப் புரோப், 7.5 முதல் 10 மெகாஹெர்ட்ஸ். கணையத்தின் முன்னுள்ள பையில் சலைன் நிரப்பி, டியோடினத்தை (சிறுகுடலின் தொடக்கம்) பிரித்துக் கணையத்தின் தலைப்பகுதியை முன்னும் பின்னும் பார்க்க வேண்டும். மண்ணீரல் வாயிலருகே வால் நுனிதான் வழக்கமாகத் தவறும் இடம். கட்டிக்கும் முதன்மைக் கணையக் குழாய்க்கும் இடையே 2 முதல் 3 மி.மீ.கூட இல்லை என்றால் கட்டியை மட்டும் தோண்டியெடுப்பது கசிவில்தான் முடியும். பகுதியாக வெட்டுவதே மேல். இரைப்பை, உணவுக்குழாய்ப் புற்றில் எண்டோஸ்கோப் அல்ட்ராசவுண்ட் முன்பே வேலையை முடித்துவிடுவதால் தியேட்டர் புரோப்பின் பங்கு சிறியது. பெருங்குடல் அறுவையின்போது கல்லீரலை ஒரு பார்வை பார்க்கலாம், புதிய எம்ஆர்ஐ இருந்தால் அதுவும் கட்டாயமில்லை.

எதை முதலில் வாங்குவது?

திறந்த அறுவை மட்டும் செய்யும் பிரிவுக்கு: டாப்ளர் உள்ள மெஷின், டி புரோப். லேப்ராஸ்கோபி தொடங்குமுன் நுனி வளையும் புரோப். சிரோசிஸ் நோயாளிகளும் கீமோ முடித்து வருபவர்களும் அதிகம் என்றால் அடுத்து கான்ட்ராஸ்ட். ஐசிஜி, லேப்ராஸ்கோபிக் கேமராவை எப்படியும் மாற்றப்போகும் ஆண்டில். பணம் குறைவென்று முதல் இரண்டைத் தாண்டி ஐசிஜிக்குப் போவதைப் பார்க்கிறோம்; படம் அழகாக இருப்பது ஒன்றே அதன் காரணம்.

புரோப்பை ஆட்டோகிளேவில் (நீராவியால் கிருமி நீக்கும் கருவி) போட்டால் அதோடு முடிந்தது. ஹைட்ரஜன் பெராக்சைடு பிளாஸ்மா போன்ற தாழ்வெப்ப முறை எந்த மாடலுக்குப் பொருந்தும் என்று தயாரிப்பாளர் பட்டியல் தரவேண்டும், வாங்குமுன் அதைக் கேட்டு வாங்குங்கள். அத்தோடு, உள்ளே ஜெல் தடவிய கிருமியற்ற உறை ஒவ்வொரு முறையும். உறைக்குள் காற்றுக்குமிழி சிக்கினால் படத்தில் நேர்க்கோட்டு நிழல் விழும்.

இந்தியாவில் கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் பிசிபிஎன்டிடி சட்டம் தியேட்டர் மெஷினுக்கும் பொருந்தும். கல்லீரலுக்கு மட்டும்தானே என்று பதிவில்லாமல் கொண்டுவந்து வைக்க முடியாது. எந்த வளாகத்தில் இருக்கும், யார் இயக்குவார் என்பதை மாவட்ட அதிகாரியிடம் முன்பே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இயக்குபவர் சர்ஜனாகவே இருப்பது நல்லது. தொடக்கத்தில் ரேடியாலஜிஸ்ட் பக்கத்தில் நிற்கட்டும். பித்தப்பை அறுவை போன்ற சாதாரண நாட்களிலும் புரோப்பை எடுத்துக் கல்லீரல் சிரைகளைத் தேடிப் பழக வேண்டும். புற்று நோயாளியின் திறந்த வயிற்றில் முதன்முறையாகப் புரோப் பிடிக்கும் கைக்கு மேலே சொன்ன எதுவும் தெரியாது.